மாடல் விமானம் பறக்கவிடுகிறீர்களா? பேட்டரியின் கடைசி 20% பறக்க அல்ல... பத்திரமாக இறங்க!

அறுவடை முடிந்த வயல், தூரத்தில் பனைமரங்கள், தலைக்கு மேலே திறந்த வானம். ரிமோட் விமானம் பறக்கவிட பாகூர், வில்லியனூர் பக்கத்து கிராமங்களைவிட நல்ல மைதானம் அமைவது கஷ்டம். ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’ என்று பையன் கெஞ்ச, அப்பாவும் தலையசைக்க, நடுவானில் மோட்டார் நின்றுவிடுகிறது. விமானம் பக்கத்து வயல் சேற்றில் போய் விழுகிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம் காற்றோ, ஓட்டியவரின் கையோ இல்லை. பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியதுதான்.

ஏரி மதகு சொல்லும் கணக்கு

இன்றைய மாடல் விமானங்களில் பெரும்பாலும் இருப்பது ‘லிப்போ’ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி. இதன் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பறக்கும் நேரத்தின் பெரும்பகுதி 3.7 வோல்ட்டை ஒட்டியே ஓடும். கடைசிக் கட்டத்தில்தான் திடீரென்று சரியும். ‘இதுவரை நன்றாகத்தானே பறந்தது’ என்று பலரும் ஏமாறுவது அங்கேதான்.

ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியான பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏரியிலும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு அல்ல. பேட்டரியிலும் அப்படி ஒரு மட்டம் உண்டு. அதற்கும் கீழே, 2 வோல்ட்டுக்கும் குறைவாகப் போய்விட்டால், செல்லுக்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். பேட்டரி உப்புவதும் தீப்பிடிப்பதும் இப்படியும் நடக்கும்.

செவ்வாயிலும் இதே சிக்கல்!

நாசா செவ்வாய்க்கு அனுப்பிய இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோ எடைதான். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர். 6 லித்தியம் அயான் செல்கள்தான் அதற்கு உயிர். 2022 மே மாதத் தொடக்கத்தில், குளிர்காலமும் தூசியும் சேர்ந்து சோலார் பேனலின் சார்ஜைக் குறைத்தன. இரவில் பேட்டரி குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறங்கியது. கடிகாரம் தவறிப்போய், மே 3 அன்று பூமியுடனான தொடர்பு அறுந்தது. மே 5 அன்று தொடர்பு திரும்பியதும், பொறியாளர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இரவில் ஹீட்டருக்குச் செலவாகும் மின்சாரத்தைக் குறைத்தது. 5 முறை பறந்தாலே போதும் என்று அனுப்பப்பட்ட அந்த ஹெலிகாப்டர், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

உங்கள் விமானத்துக்கு எத்தனை நிமிடம்?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 2,200 எம்.ஏ.எச் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம், அதாவது 1,760-ஐ மட்டுமே செலவு செய்யலாம். முதல் தடவை டைமரில் 4 நிமிடம் வைத்துப் பறக்கவிட்டு இறக்குங்கள். மறுபடி சார்ஜ் போடும்போது எவ்வளவு உள்ளே போனது என்று சார்ஜர் காட்டும். 1,100 போயிருந்தால், நிமிடத்துக்கு 275 செலவு. 1,760-ஐ 275-ஆல் வகுத்தால் சுமார் 6.4 வரும். டைமரில் 6 நிமிடம் வையுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் 5 போதும்.

அதோடு, பேட்டரியின் பேலன்ஸ் ஒயரில் செருகும் சின்ன வோல்டேஜ் அலாரம் ஒன்றையும் வாங்கி மாட்டுங்கள். செல்லுக்கு 3.5 வோல்ட் என்று செட் செய்தால், அந்த அளவு வந்ததும் கத்தும். இது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் என்பதுதான் விசேஷம். 3 செல்களில் இரண்டு 3.8, ஒன்று 3.2 என்றால் மொத்தம் 10.8 வோல்ட். சராசரி 3.6 என்று பார்க்க நன்றாகவே இருக்கும். சாகக்கிடக்கும் அந்த ஒரு செல் மொத்தக் கணக்கில் தெரியாது.

‘விமானத்திலேயே கட்-ஆஃப் இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. கருவி, வோல்டேஜ் குறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தை ரிசீவருக்கும் சர்வோவுக்கும் ஒதுக்கும். இறக்கை உள்ள விமானம் என்றால் மிதந்து இறங்க ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு விசிறி டிரோனில் மோட்டார் நின்றால் நேராகக் கீழேதான். கட்-ஆஃப் என்பது கடைசிப் பாதுகாப்பு. அதை நம்பிப் பறக்கக் கூடாது.

தரையிறங்கிய பிறகும் கவனம்

நிறைய பேட்டரிகள் வானத்தில் சாவதில்லை, வீட்டு அலமாரியில்தான் சாகின்றன. பறந்து முடித்ததும் ஒயரைக் கழற்ற மறந்துவிட்டால், ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மிச்சம் 440 எம்.ஏ.எச் இருந்து, 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் 9 மணி நேரத்துக்குள் காலி. இரவு மறந்தால் காலையில் பேட்டரி இருக்காது.

* இறங்கியதும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது.
* சில நாள்கள் பறக்கவிடப்போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சார்ஜரில் இதற்கென்று ‘ஸ்டோரேஜ்’ மோடு இருக்கும்.
* வெயிலில் மூடிய காருக்குள் பேட்டரியை விடாதீர்கள்.
* சார்ஜ் போடுவது சிமென்ட் தரையில், கண்முன்னே இருக்கட்டும். கீற்றுக் கொட்டகைக்குள்ளோ, தூங்கும் நேரத்திலோ வேண்டாம்.
* உப்பிய பேட்டரியையும், முழுக்க வடிந்துபோன பேட்டரியையும் ‘உயிர்ப்பிக்க’ முயலாதீர்கள். குப்பைத்தொட்டியிலும் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால், பறக்கவிடும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். பச்சை மண்டலம் இல்லையென்றால் அனுமதி வேண்டும். வில்லியனூர் தேரோட்டம் போலக் கூட்டம் கூடும் இடத்துக்கு மேலே பறக்கவே விடாதீர்கள்.

அலாரம் கத்தும்போது பையன் ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’ என்பான். அந்த ரவுண்டு நாளைக்கு! இன்றைக்கு விமானம் வரப்போரம் சமர்த்தாக இறங்கினால்தான் நாளைக்கும் பறக்கும்.