உப்பு தண்ணி நீச்சல் குளம்... ஆசிட் கேனை தூக்கும் வாட்ச்மேன் அண்ணே, உஷார்!

சென்னை கிழக்கு கடற்கரை சாலையில் நீலாங்கரை தொடங்கி மாமல்லபுரம் வரை பங்களாக்களிலும் பண்ணை வீடுகளிலும் நீச்சல் குளம் இருப்பது புதுசு இல்லை. சனி, ஞாயிறு வந்தால் முதலாளி வீட்டு பிள்ளைகள் குதித்து ஆட்டம் போடுவார்கள். மற்ற நாட்களில் அந்த தண்ணீரை பார்த்துக்கொள்வது யார்? வாட்ச்மேனும், தோட்டக்காரரும்தான்.

இப்போது சில வீடுகளில் குளோரின் டப்பாவுக்கு பதிலாக உப்பு மிஷின் வைக்கிறார்கள். "உப்பு தண்ணி சார்... கெமிக்கலே கிடையாது" என்று சொல்லி விற்பதும் உண்டு. இது பாதி பொய். உப்பு குளத்திலும் குளோரின் இருக்கிறது. ஆசிட் ஊற்ற வேண்டிய வேலையும் இருக்கிறது. விவரம் தெரியாமல் ஊற்றினால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

மிஷின் என்ன செய்கிறது?

குளத்து தண்ணீர் பம்ப் வழியாக வந்து மிஷினுக்குள் இருக்கும் டைட்டானியம் தகடுகளுக்கு நடுவே ஓடும். தகட்டில் கரண்ட் பாயும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு பிரிந்து குளோரின் உண்டாகிறது. கிருமியை கொல்வது அந்த குளோரின்தான். வேலை முடிந்ததும் அது மறுபடியும் உப்பாக மாறிவிடும். அதனால் ஒரு முறை போட்ட உப்பு சுற்றிச்சுற்றி வேலை செய்யும்.

வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஃபில்டர் கழுவும்போதும், குளம் கசியும்போதும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் நிரம்பி வழியும்போதும்தான் உப்பு குறையும். "தண்ணி குறைஞ்சுபோச்சு, ஒரு மூட்டை உப்பு கொட்டு" என்பது தப்பு கணக்கு. தண்ணீரை மட்டும் நிரப்பி, உப்பை அளந்து பார்த்த பிறகே கொட்ட வேண்டும்.

எவ்வளவு உப்பு?

பெரும்பாலான மிஷின்களுக்கு 3 ஆயிரம் முதல் 4 ஆயிரம் பி.பி.எம். வரை உப்பு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது ஒரு பி.பி.எம். கடல் தண்ணீரில் சுமார் 35 ஆயிரம் பி.பி.எம். உப்பு உண்டு. அதில் பத்தில் ஒரு பங்குதான் குளத்தில் இருக்கும். வாயில் பட்டால் லேசாக கரிக்கும், அவ்வளவுதான்.

50 ஆயிரம் லிட்டர் குளத்தில் 3,200 பி.பி.எம். வேண்டும் என்றால் 160 கிலோ உப்பு தேவை. 50 கிலோ மூட்டையில் மூன்றும், மேலே 10 கிலோவும். ஆனால் இது நல்ல தண்ணீருக்கான கணக்கு. கடலோர ஊர்களில் போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கலாம். முதலில் அளந்து, குறைகிற அளவுக்கு மட்டும் போட வேண்டும். அதிகமாகிவிட்டால் குளத்தில் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றி நல்ல தண்ணீர் விடுவதை தவிர வேறு வழி இல்லை. அயோடின் கலக்காத, அழுக்கில்லாத உப்புதான் போட வேண்டும்.

ஆசிட் எதற்கு?

தண்ணீர் புளிப்பு பக்கமா, சோப்பு தண்ணீர் பக்கமா என்று காட்டும் எண்தான் பி.ஹெச். குளத்தில் இது 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். உப்பு குளத்தில் இது தானாகவே மேலே ஏறிக்கொண்டே போகும்.

காரணம் சிம்பிள். மிஷினில் குளோரினோடு ஹைட்ரஜன் குமிழியும் கிளம்புகிறது. அந்த குமிழி தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும். சோடா பாட்டிலை திறந்து வைத்தால் கேஸ் போய் சுள்ளென்ற ருசி போகிறது அல்லவா? அதே கதைதான். கேஸ் போகப்போக பி.ஹெச். ஏறும்.

ஏறினால் என்ன? பி.ஹெச். 7.5ல் இருக்கும்போது குளோரினில் சுமார் பாதி வீரியத்தோடு கிருமியை கொல்லும். 8 ஆனால் கிட்டத்தட்ட கால்வாசிதான். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு. மிஷின் ஓடும், டெஸ்ட் கிட் குளோரின் காட்டும், தண்ணீரும் நீலமாக மின்னும். ஆனால் கிருமி சாகாது. குழந்தைக்கு கண் எரியும். தகட்டில் வெள்ளையாக சுண்ணாம்பு படியும். இதை இறக்கத்தான் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றுகிறார்கள்.

எதை முதலில் பார்ப்பது?

முதலில் ஆல்கலினிட்டி. இது பி.ஹெச். தாறுமாறாக ஆடாமல் பிடித்து வைக்கும். 80 முதல் 120 பி.பி.எம். வரை இருக்கலாம். குறைந்தால் சமையல் சோடா போதும். 50 ஆயிரம் லிட்டருக்கு 10 பி.பி.எம். ஏற்ற சுமார் 900 கிராம் ஆகும். துணி துவைக்கும் சோடாவை கொட்டினால் பி.ஹெச். எகிறிவிடும்.

அடுத்து பி.ஹெச். அப்புறம் குளோரின். இது 2 முதல் 4 பி.பி.எம். வரை இருந்தால் சரி. கால்சியம் 200 முதல் 400 வரை.

கடைசியாக ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் ஆசிட். குளோரினுக்கு இது குடை மாதிரி. இது இல்லாவிட்டால் வெயில் குளோரினை சில மணி நேரத்தில் தின்றுவிடும். அதிகமானால் குளோரினின் வேகம் குறையும். எத்தனை வைக்க வேண்டும் என்று மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஆபத்து இங்கேதான்!

மழைக்கு பிறகு தண்ணீர் பச்சையானால் சிலர் பிளீச்சிங் பவுடரை கரைத்து ஊற்றுவார்கள். அதே பக்கெட்டில், அதே மக்கில் ஆசிட்டையும் எடுத்தால் போச்சு. இரண்டும் சேர்ந்தால் அந்த நொடியே குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் 1915ம் ஆண்டு பெல்ஜியத்தில் ஈப்ர் போர்முனையில் எதிரிகள் மீது விஷ வாயுவாக திறந்துவிடப்பட்டது இதே குளோரின்தான்.

இது காற்றை விட கனமானது. பள்ளத்தில் போய் தேங்கும். பல வீடுகளில் பம்ப் ரூம் தரைக்கு கீழே குழியில்தான் இருக்கிறது. அங்கே வைத்து இரண்டையும் கலந்துவிட்டால் ஏணி ஏறி வெளியே வருவதற்குள் மூச்சு அடைத்துவிடும்.

மறக்கக்கூடாதவை:

* ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

* ஆசிட்டுக்கு தனி மக், பிளீச்சிங் பவுடருக்கு தனி மக். இரண்டையும் ஒரே ரூமில் வைக்கக்கூடாது.

* பிளீச்சிங் பவுடரையும் குளோரின் மாத்திரையையும் சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும்.

* குளத்தில் யாரும் இல்லாதபோது, பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில் காற்று முதுகு பக்கம் வீசும்படி நின்று, குனிந்து மெதுவாக ஆசிட் ஊற்ற வேண்டும்.

* கிட்டில் சொன்ன அளவில் பாதியை மட்டும் முதலில் ஊற்றி, சில மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டும்.

* தகட்டில் சுண்ணாம்பு படிந்தால் கரண்ட்டை நிறுத்தி கழற்ற வேண்டும். 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஆசிட் சேர்த்து ஊறவைத்தால் போதும். கத்தியால் சுரண்டினால் மேல் பூச்சு போய் தகடே வீணாகிவிடும்.

* கையுறை, கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் ஆசிட் கேனை தொடாதீர்கள். லட்சக்கணக்கில் குளம் கட்டிய வீட்டுக்காரர் இதை வாங்கி தருவதுதான் நியாயம். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

விபத்து நடந்தால்?

தொண்டை கமறினாலே மிச்ச வேலையை முடிக்க நிற்காதீர்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேடான, காற்றோட்டமான இடத்துக்கு ஓடிவிட வேண்டும். குழிக்குள் ஒருவர் மயங்கி கிடந்தால் அவரை தூக்க அப்படியே இறங்குவது இன்னொரு உயிரையும் பறிக்கும். தீயணைப்பு படைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

கண்ணில் ஆசிட் பட்டால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு உடனே ஆஸ்பத்திரி. வாயு சுவாசித்தவருக்கு முதலில் ஒன்றும் இல்லாதது போல் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் "இப்ப பரவாயில்லை" என்று வீட்டில் படுத்துவிடக்கூடாது. டாக்டரிடம் என்ன கெமிக்கல் என்று சொல்ல வேண்டும். முடிந்தால் கேனில் ஒட்டியிருக்கும் லேபிளை செல்போனில் படம் எடுத்து கொண்டுபோய் காட்டலாம்.