மூன்று தீர்ப்புகள்

நவரசு வழக்கு என்றால் நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1996 நவம்பர் 6ஆம் நாள், சிதம்பரம் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நவரசு, ராகிங் கொடுமையின் தொடர்ச்சியாக விடுதியில் கொல்லப்பட்டார். மூத்த மாணவர் ஜான் டேவிட்டுக்கு, 1998 மார்ச் 11இல் கடலூர் அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. "அப்படியானால் கொன்றது யார்?" என்று ஊர் கொதித்ததாகக் கேட்டே நான் வளர்ந்தேன்.

நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி வேறு. கொலையைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். இத்தகைய வழக்கில் சூழ்நிலைச் சாட்சியங்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றோடொன்று பிணைந்து, குற்றவாளி இவரே என்று காட்டவேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. சங்கிலி முழுமையடையவில்லை என்றது உயர்நீதிமன்றம். தமிழக அரசு மேல்முறையீடு செய்தது. அதே சாட்சியங்களை எடைபோட்ட உச்சநீதிமன்றம், சங்கிலி முழுமையானதே என்று 2011 ஏப்ரல் 20இல் கடலூர்த் தீர்ப்பை நிலைநிறுத்தியது. இடையில் ஒன்பதரை ஆண்டுகள்! பெற்ற மனம் அவற்றை எவ்வாறு கழித்திருக்கும்?

மக்களின் சினம் வீண்போகவில்லை. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: ஈராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் வந்தன. சேர்க்கையின்போது நாம் பெரும்பாலும் படித்துப் பாராமலே கையொப்பமிடும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி அவ்விதிகளின்படி கேட்கப்படுவதே.