வுச்சீரியாவின் தரை ஏன் காய்ந்தது?

நடக்கவே நடக்காத ஒரு காரியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், 'வுச்சீரியாவின் கல்தரை காயட்டும், பார்க்கலாம்' என்பது பலெர்மோ மக்களின் பழைய வழக்கு. இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தலைநகரம் பலெர்மோ. அதன் பழைய துறைமுகத்துக்கும் சான் தொமேனிக்கோ தேவாலயத்துக்கும் நடுவில் இருக்கிறது வுச்சீரியா சந்தை. மீன்கடைகளில் உருகி ஓடும் ஐஸ் தண்ணீரில் அங்கே தெருவில் பாவிய கற்கள் எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். 1974இல் ரெனாத்தோ குத்தூசோ என்ற ஓவியர் இந்தச் சந்தையை மூன்று மீட்டர் உயரத்தில் வரைந்தார். தொங்கும் மாட்டிறைச்சி, வாள்மீன், முட்டை, தக்காளி, பாலாடைக்கட்டி என்று நெருக்கியடித்துக் கிடக்கும் பண்டங்களுக்கு நடுவே ஆட்கள் ஒருக்களித்து நடக்கும் ஓவியம் அது. இன்று அது பலெர்மோ பல்கலைக்கழகத்தின் ஸ்தேரி மாளிகையில் பத்திரமாக இருக்கிறது. அதில் உள்ள சந்தைதான் தேய்ந்துபோனது. இப்போது வுச்சீரியா என்றால் பகலில் சில கடைகள். இரவில் பியர், பாட்டு, ஆட்டுக்குடலைச் சுருட்டிச் சுடும் 'ஸ்திக்கியோலா' அடுப்பின் புகை. தரை காய்ந்துவிட்டது. ராத்திரியில் ஈரம் தெரிந்தால் அநேகமாக யாரோ கொட்டிய பியராக இருக்கும்.

உடற்பயிற்சியையும் நல்ல சாப்பாட்டையும் பாதியில் விட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தை இந்தச் சந்தையின் கதையோடு வைத்துப் பார்க்கலாம். 'முன்னே இருந்த ஆர்வம் இப்போ இல்லை' என்பார்கள், ஆர்வம் என்பது உடம்புக்குள் இருந்த ஒரு சரக்கு, அது தீர்ந்துவிட்டது என்பதுபோல. வுச்சீரியாவுக்கு வந்துகொண்டிருந்த மக்களுக்குக் காய்கறியும் மீனும் திடீரென்று கசந்துவிடவில்லை. 1943இல் விழுந்த குண்டுகள் பழைய நகரத்தின் வீடுகளை இடித்தன. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குடும்பங்கள் புறநகரின் புதிய அடுக்குமாடிகளுக்குப் போயின. அங்கே சூப்பர்மார்க்கெட் வந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு நடந்து அன்றாடம் வாங்கிவந்த ஏற்பாடு குலைந்தது. அதே நகரத்தில், சுற்றிலும் ஆள் குடியிருக்கும் பல்லாரோ சந்தை இன்றும் காலையில் களைகட்டுகிறது. கோடை வந்தால் நீளச் சுரைக்காயும் அதன் கொடித்தளிரும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பலெர்மோக்காரர்கள் அந்தத் தளிரைத் தக்காளியோடு வேகவைத்து, ஒடித்த ஸ்பகெட்டி போட்டுச் சூப்பாகக் குடிக்கிறார்கள். ருசி மாறவில்லை, ருசியைத் தாங்கிய ஏற்பாடுதான் ஓரிடத்தில் சரிந்தது. ஒரு மனிதரின் பயிற்சி நின்றுபோவதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் வாதம்.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களைப் பின்தொடர்ந்தது. பயிற்சி செய்யும் இடமும் சூழலும் புதிய ஊரிலும் பழையபடியே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. அவை மாறிப்போனவர்களிடம் அறுந்தது. அதே வுட் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், சினிமா பார்க்கும்போது பாப்கார்ன் கொறிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு ஒரு வாரம் பழசாகி நமுத்துப்போன பாப்கார்னைக் கொடுத்தார்கள். நன்றாக இல்லை என்று தெரிந்தும், புதியதைத் தின்ற அளவே அதையும் தின்றார்கள். அதே பழைய பாப்கார்னைக் கூட்ட அறையில் வைத்துக் கொடுத்தபோது அவ்வளவு தின்னவில்லை. பிடித்தது, பிடிக்காதது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதில் இருட்டு அரங்கும் நாற்காலியும் தீர்மானிக்கும் பங்கு அவ்வளவு.

இத்தாலியே இதற்குப் பெரிய சாட்சி. அன்சல் கீஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் இத்தாலியக் கிராமத்து ஆண்களும் இருந்தார்கள். பருப்பு, காய்கறி, ரொட்டி, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிட்டவர்கள் நடுவே மாரடைப்பு குறைவாக இருந்ததைப் பார்த்து வியந்த கீஸ், தென்னித்தாலியில் வீடு கட்டிக்கொண்டு பல்லாண்டு வாழ்ந்தார். 2010இல் யுனெஸ்கோ அந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையை மரபுச்செல்வமாக அறிவித்தது. ஆனால் இன்று ஐரோப்பாவில் குழந்தைகளின் உடல் எடை மிகுந்த நாடுகளின் வரிசையில் இத்தாலியும் நிற்கிறது. அதிலும் தெற்குப் பகுதி வடக்கைவிட மோசம். எது நல்ல சாப்பாடு என்று இத்தாலியப் பாட்டிமார்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அறிவு வீட்டிலேயே இருக்கிறது. அந்த அறிவை அடுப்புவரை கொண்டுவந்த வயல்வேலையும் நடையும் மதியச் சமையலும்தான் போய்விட்டன.

பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்களைப் பாருங்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலானோர் வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளில் இருக்கிறார்கள். ஊர், மொழி, தட்பவெப்பம், வேலைநேரம் என்று ஒருவரின் அன்றாடத்தில் எதெல்லாம் மாற முடியுமோ அத்தனையும் மாறியது. வீதிக்கு வந்தால் கையில் கிடைப்பது பொரித்த பண்டம்: சோற்று உருண்டையான அரன்சீனா, மண்ணீரலைப் பன்றிக்கொழுப்பில் வதக்கி அடைத்த ரொட்டி, கடலைமாவைக் களியாகக் கிண்டித் துண்டு போட்டுப் பொரிக்கும் பனெல்லே. நாம் சுண்டல் செய்கிற அதே கொண்டைக்கடலைதான், எண்ணெய்ச் சட்டி வழியாக வருகிறது. தெற்காசிய உடல்வாகுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடும் என்பதால், ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்குழு 2004இல் சொன்னது.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் அவர்களிடம் ஒரு நடை மட்டும் நிலைத்திருக்கிறது. நகரத்தின் ஓரத்தில் கடலை ஒட்டி எழும் மோந்தே பெல்லெக்ரீனோ மலையின் குகையில், பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் கோயில் இருக்கிறது. 1624இல் நகரத்தைக் கொள்ளைநோய் சூழ்ந்தபோது அவருடைய எலும்புகள் அந்தக் குகையில் கிடைத்தன என்றும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் விலகியது என்றும் ஊர் நம்புகிறது. மலை ஏறத்தாழ 600 மீட்டர். கோயில் அதற்குச் சற்றுக் கீழே. கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர்கள், இந்து, கத்தோலிக்கர் என்ற வேறுபாடில்லாமல், பிள்ளைகுட்டிகளோடு அதில் ஏறுகிறார்கள். யாரும் கலோரி எண்ணுவதில்லை. நேர்த்திக்கடன் இருக்கிறது, கிழமை இருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறது, போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. 'இன்றைக்கு மனசு வருதா?' என்று கேட்டுக்கொள்ள அங்கே இடமே இல்லை. இத்தனை தூண்கள் இருக்கும்போது ஒன்று ஆடினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டியவருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே தூண், சந்தா கட்டிய அன்றைய உற்சாகம்.

அப்படியானால் மனவுறுதிக்கு வேலையே இல்லையா, எல்லாப் பழியையும் சூழல்மேல் போடுவது சோம்பேறிக்கு வசதியான சாக்கு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனவுறுதிக்கு வேலை உண்டு, ஆனால் அதைத் தினமும் தவறான இடத்தில் செலவழிக்கிறோம். பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஒரு சோதனையில், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். பயிற்சியின் நன்மைகளைப் படித்து ஊக்கம் மட்டும் பெற்றவர்களில் செய்தவர்கள் 35 சதவீதம். எதுவும் தரப்படாதவர்களிலேயே 38 சதவீதம் பேர் செய்திருந்தார்கள். மரீனா மில்யாவ்ஸ்கயாவும் மைக்கேல் இன்ஸ்லிக்ட்டும் 2017இல் காட்டியதும் இதையே ஒட்டியது: எடுத்த இலக்கை எட்டியவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் அல்லர், ஆசை எதிர்ப்படும் தருணங்களே குறைவாக வாய்த்தவர்கள். மிக்சர் டப்பாவைத் தினமும் பார்த்துத் தினமும் மறுப்பதைவிட அதை வாங்காமல் வருவதற்கு ஆகும் உறுதி சொற்பம்.

வாரம் ஒருமுறை மலையேறினால் போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது. மிதமான உழைப்பு வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவரிடம் போய் 'கூடுதலாக நடங்கள்' என்பதில் கொஞ்சம் கொடுமையும் இருக்கிறது. அவருக்கு முதல் தேவை ஓய்வாகவும் இருக்கலாம், வேலைநேரம் குறைவதாகவும் இருக்கலாம். இதைத் தனிமனித முயற்சி மட்டும் தீர்க்காது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் ஞாயிறு நடை கற்றுத் தருவது அளவை அல்ல, அமைப்பை. பக்தி இல்லாதவருக்கும் இது பொருந்தும். அதிகாலையில் பூங்கா வாசலில் காத்திருக்கும் ஒரு நண்பர் போதும்.

விட்டுப்போனதை மீண்டும் பிடிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் வைத்துப் பார்த்தார்கள் 1975இல். மில்க்ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே ஐஸ்கிரீமையும் அதிகம் தின்றார்கள். 'கெட்டது கெட்டாச்சு' என்ற மனநிலைதான். உண்மையில் ஒரு நாள் தவறுவதால் குடி முழுகிவிடாது. லண்டனில் 96 பேரை வைத்து பிலிப்பா லாலி செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம் என்று தெரிந்தது, இடைநிலை அளவு 66. நடுவில் ஒரு நாள் விட்டது அந்தப் படிதலைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற வாட்ஸ்அப் வாக்கை நம்பி 22ஆம் நாள் தன்னையே நொந்துகொண்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஒரு ஜிம் நிறுவனத்தின் 61,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் ஐம்பதுக்கும் அதிகமான உத்திகளைச் சோதித்தார்கள். முதலிடம் பெற்ற உத்தி, ஒரு நாள் தவறியவர் திரும்பி வந்தால் சில காசுகள் கூடுதல் பரிசு என்பது. அது வருகையை 27 சதவீதம் உயர்த்தியது. நான்கு வாரத்தில் சோதனை முடிந்ததும் பெரும்பாலான உத்திகளின் பலன் மறைந்துவிட்டது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஏற்பாட்டை எடுத்துவிட்டால் பழக்கமும் போய்விடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான கணக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எதிலுமே நாட்டமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் அது பழக்கத்தின் சிக்கலாக இல்லாமல் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு எல்லாமே இப்படித் தொடங்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால், பயிற்சி நின்றுபோன அந்த மாதத்தில் எது மாறியது என்று யோசியுங்கள். வீடா, வேலை நேரமா, கூட நடந்தவர் ஊரைவிட்டுப் போனாரா? அந்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தத் தெரு, யாரோடு என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.