விலகி நிற்கவும் பயிற்சி வேண்டும்!

2021 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 'கிராஸ் கன்ட்ரி' எனப்படும் திறந்தவெளித் தடைதாண்டும் குதிரையோட்டம் நடைபெற்றது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியாவின் பெயரை ஒலிக்கச் செய்த ஃபவாத் மிர்ஸா அன்று களத்தில் இருந்தார். அதே நாளில், அதே பாதையில், சுவிட்சர்லாந்து வீரர் ராபின் கோடெலின் 'ஜெட் செட்' என்ற 14 வயதுக் குதிரை ஒரு தடையைத் தாண்டியபின் கடுமையாக நொண்டத் தொடங்கியது. வலது காலில் குளம்புக்குச் சற்று மேலே இணைப்பு நார் அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய இயலாது என்று மருத்துவர்கள் கண்டறிந்த பின்னர், குதிரை கருணைக்கொலை செய்யப்பட்டது.

குதிரையைக் காப்பாற்ற முடியவில்லை. எனினும், அது நின்ற இடத்திலேயே கால்நடை மருத்துவர்கள் முதலுதவி அளித்ததையும், அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதையும் கவனிக்க வேண்டும். அது ஒலிம்பிக். வசதிகளுக்குக் குறைவில்லை. மற்ற போட்டிகளில், குதிரை விழுவதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். தடைக்கு அருகே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் தன்னார்வலர்தான்.

இங்கிலாந்தில் 1949 முதல் நடைபெற்றுவரும் பேட்மின்டன் போட்டி போன்ற பெரிய நிகழ்வுகளில் கிராஸ் கன்ட்ரி பாதை ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஒவ்வொரு தடைக்கும் ஒரு மருத்துவரை நிறுத்த எந்த அமைப்பாளராலும் இயலாது. ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஊதியமின்றி அங்கே நாள் முழுவதும் நிற்கிறார்கள். 1999-இல் பிரிட்டனில் ஒரே ஆண்டில் ஐந்து வீரர்கள் இவ்வகைப் போட்டிகளில் உயிரிழந்த பிறகு, தடைகளின் அமைப்பு ஆராயப்பட்டது. பலமாக மோதினால் சரிந்துவிடும் தடைகள் உருவாயின. தடையைத் திருத்துவதற்குப் பொறியியல் போதும். தடையருகே நிற்கும் மனிதரைப் பழக்குவது அதைவிடக் கடினம்.

காரணம் எளிது. ஓர் உயிர் விழுந்தால் ஓடிச் சென்று தூக்குவதுதான் மனித இயல்பு. குதிரை விழும்போது அந்த இயல்பே ஆபத்தாகிறது. கிராஸ் கன்ட்ரியில் ஒரு குதிரை முடிக்கும் முன்பே அடுத்தது புறப்பட்டுவிடும். எனவே, தடையருகே இருக்கும் குழுவின் முதல் வேலை விழுந்த குதிரையிடம் ஓடுவதன்று. பின்னால் வருபவரைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவது. அடுத்தது வானொலிக் கருவியில் தகவல்: தடை எண், வீரரின் நிலை, குதிரையின் நிலை. 'ஐயோ, விழுந்துவிட்டது' என்ற பதற்றக் குரலைக் கேட்கும் கட்டுப்பாட்டு அறைக்கு எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று தெரியாது. மூன்று பேர் இருந்தால் ஒருவர் கொடிக்கு, ஒருவர் வானொலிக்கு, ஒருவர் வீரரிடம். இந்தப் பங்கீடு காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். வீரரின் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பதும் காலையிலேயே சொல்லப்பட வேண்டியது.

விழுந்து கிடக்கும் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அய்யனார் கோயில்களில் நிமிர்ந்து நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது அசையாமல் கிடக்கும் காட்சி பரிதாபமாக இருக்கும், அடங்கிவிட்டதாகவும் தோன்றும். இரண்டாவது எண்ணம் தவறு. வேட்டையாடப்படும் விலங்காகவே பரிணமித்த குதிரை, கிடந்த நிலையிலிருந்து ஒரு நொடியில் உதைத்துக்கொண்டு எழக் கூடியது. மாடு எழும்போது பின்பாகத்தை முதலில் உயர்த்தும். குதிரையோ தலையைத் தூக்கி, முன்னங்கால்களை நீட்டி எழும். மாட்டோடு பழகியவர் இந்த வேறுபாட்டை அறியாமல் முன்பக்கம் நின்றால் குளம்படியில் சிக்குவார். கால்களின் பக்கம் ஒருபோதும் போகக் கூடாது. நெருங்கியே ஆக வேண்டுமென்றால் முதுகுப் பக்கமாகத்தான் வர வேண்டும். கால்களையோ கழுத்தையோ பிடித்து இழுக்கக் கூடாது. குதிரையின் தலையைத் தரையோடு அமர்த்தி எழவிடாமல் வைத்திருப்பது ஓர் உத்தி. ஆனால், அதைப் பழகியவர் மட்டுமே செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு உரியது விலகி நிற்பதும் பிறரை விலக்கி வைப்பதும்தான்.

வீரரை இழந்து தனியே ஓடும் குதிரை இன்னொரு வகைச் சோதனை. பத்துப் பேர் கைகளை விரித்துக் கத்திக்கொண்டு துரத்தினால் அது கூட்டத்துக்குள் பாயும். பொதுவாக அது மற்றக் குதிரைகள் இருக்கும் இடத்தை, தான் புறப்பட்ட இடத்தை நாடும். சாலைக்குச் செல்லும் வாயில்களை மூடிவிட்டு, பார்வையாளர்களை அசையாமல் நிற்கச் சொல்லி, ஒருவர் மட்டும் பக்கவாட்டில் மெல்ல நடந்து சென்று, தாழ்ந்த குரலில் பேசியபடி கடிவாள வாரைப் பற்ற வேண்டும். நேர் பின்புறத்தில் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் இருப்பதும் அப்படியே.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் போன்ற நாடுகளுக்கு அதுவே முதல் எதிரி. வியர்த்த உடம்பில் குளிர்ந்த நீர் படக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுபோல், ஓடி வந்த குதிரை மீது குளிர்நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை குதிரைக்காரர்களிடம் உலகெங்கும் நிலவியது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எண்ணி அதற்கு முன்பே மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. ஓட்டம் முடிந்த குதிரையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடும்; ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும் விலங்கு அப்போது துருத்திபோல் இரைக்கும். தள்ளாடத் தொடங்கினால் மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கழுத்து, மார்பு, முதுகு, தொடை என உடலெங்கும் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஈரத்துணியைப் போர்த்திவைத்தால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். இதற்குத் தேவை தொட்டி நிறைய நீர், பனிக்கட்டி, வாளிகள், வாளி தூக்கப் பழகிய கைகள். செலவு அதிகமில்லை. ஆனால், பழைய நம்பிக்கையோடு வருபவர் அந்த நேரத்தில் வாளியைத் தடுத்துவிடுவார் என்பதால், முன்கூட்டியே எடுத்துச் சொல்லிப் பழைய பாடத்தை மறக்கச் செய்ய வேண்டும்.

பிறகு திரை. காயமுற்ற குதிரையைச் சுற்றித் தன்னார்வலர்கள் துணித்திரை பிடிப்பதை 'மறைக்கிறார்கள்' என்று சிலர் குறை கூறுவதுண்டு. மருத்துவர் அமைதியாகப் பணி செய்யவும், கைப்பேசிகளோடு கூட்டம் நெருங்காதிருக்கவும் அது அவசியம். குதிரையை வாழவைப்பதா, வலியிலிருந்து விடுவிப்பதா என்ற முடிவு கால்நடை மருத்துவருக்கே உரியது. திரைக்கு வெளியே நிற்பவர் எதையும் ஊகித்துச் சொல்லக் கூடாது. திரையைப் பிடித்து நின்ற பதினெட்டு வயது மாணவி அன்றிரவு உறங்க மாட்டாள் என்பதையும் அமைப்பாளர் நினைவில் வைக்க வேண்டும். மாலையில் அவளிடம் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதைப் பல பயிற்சித் திட்டங்கள் மறந்துவிடுகின்றன.

இவற்றையெல்லாம் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் பயிற்சி ஆகிவிடாது. பிரிட்டனில் தீயணைப்புப் படையினர் உயிரளவுக் குதிரைப் பொம்மைகளைக் கொண்டு மீட்புப் பயிற்சி பெறுகிறார்கள். மணல் மூட்டைகளைக் கட்டிய ஒரு பொம்மையைத் தடையருகே கிடத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒத்திகை நடத்தினாலே குழுவின் குறைகள் வெளிப்பட்டுவிடும். வானொலியின் மின்கலம் தீர்ந்திருக்கும்; ஆம்புலன்ஸ் நுழைய வேண்டிய வாயிலில் பூட்டுத் தொங்கும்; சாவி யாரிடம் என்று எவருக்கும் தெரியாது.

இந்தியாவில் குதிரையேற்றம் ராணுவத்தின் நிழலிலேயே வளர்ந்ததால், கட்டுப்பாடு அறிந்த வீரர்களும் குதிரைக்காரர்களும் களத்தில் இருந்தார்கள். 2023 ஹாங்சௌ ஆசியப் போட்டியில் 'டிரஸ்ஸாஜ்' குழுப் பிரிவில் தங்கம் வென்ற பிறகு இந்த விளையாட்டின் மீது பொதுமக்களின் பார்வை திரும்பியிருக்கிறது. தனியார் பயிற்சிப் பள்ளிகள் நடத்தும் போட்டிகளில் அந்த ராணுவக் கைகள் இருக்கப்போவதில்லை.

தமிழ்நாட்டில் குதிரை கூடும் இடங்கள் வேறு. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை, ஊர்ச் சாலைகளில் ஓடும் ரேக்ளா பந்தயங்கள் ஆகியவற்றில் தடை நடுவர் கிடையாது. வண்டிக் குதிரை சாலையில் சரிந்தால், பின்னால் இருசக்கர வாகனங்களில் கூச்சலிட்டு வந்தவர்களே அதைச் சூழ்ந்து இழுத்துத் தூக்க முனைகிறார்கள். அவர்களிடம் குறை காண்பதில் பொருளில்லை. வேறு வழியை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. கால்நடை மருத்துவ மாணவர்களும், என்.சி.சி.யில் குதிரையோடு பழகும் மாணவர்களும் இருக்கிறார்கள். பந்தயத்துக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், களத்தில் இருக்கப்போகும் கால்நடை மருத்துவர் யார், குதிரையை ஏற்றும் வண்டி எங்கே நிற்கும், நீர்த்தொட்டிகள் எத்தனை, ஒத்திகையில் பங்கேற்ற பத்துத் தன்னார்வலர்கள் யார் யார் என்ற நான்கு கேள்விகளை மாவட்ட நிர்வாகம் சேர்க்கலாம். ஒத்திகைக்கு ஒரு முற்பகலும், யார் தொட்டாலும் மிரளாத ஒரு கிழட்டுக் குதிரையும் போதும்.