பந்தய மாடு ஏற “ஸ்பெஷல்” பிக்கப்! ராத்திரி பூராவும் பயணம், விடிந்தால் 8 மைல் ஓட்டம்!

புதுக்கோட்டை,

அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் பக்கத்துக் கிராமங்களில் கோவில் திருவிழா என்றால் பல ஊர்களில் மாட்டு வண்டி எல்கைப் பந்தயமும் சேர்ந்தே வரும். அன்று விடிகாலையில் பந்தய ரோட்டு ஓரம் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது மாடு அல்ல. பிக்கப் வண்டி!

ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். பின்னால் ஆளுயரத்துக்குக் கம்பிக் கட்டு. உள்ளே வைக்கோல். கேபினுக்கு மேலே கவிழ்த்துப் போட்ட பந்தய வண்டி. முன் கண்ணாடியில் மாட்டின் படம், ஊர்ப் பெயர், குலசாமி பெயர்.

மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, தூத்துக்குடி, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று நாலா திசையிலிருந்தும் மாடுகள் வருகின்றன. மதுரையிலிருந்து புதுக்கோட்டைக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். கம்பத்திலிருந்து அறந்தாங்கிக்கு வர வேண்டுமானால் 200-ஐத் தாண்டிவிடும்.

இவ்வளவு தூரத்தையும் மாடு நின்றுகொண்டே வர வேண்டும். வந்து சேர்ந்த காலையிலேயே ஓடவும் வேண்டும்!

“பெரிய மாடு” பிரிவு என்றால் போக வர 8 மைல் வரை வைப்பார்கள். “நடு மாடு”, “கரிச்சான்”, “பூஞ்சிட்டு” என்று உருவத்தைப் பொறுத்து மைல் குறையும். (மாட்டுக்குக் குருவியின் பெயரை யார் வைத்தார்களோ, வைத்தவர் ரசிகர்தான்!) சில ஊர்களில் குதிரை வண்டிப் பந்தயமும் உண்டு.

ஒரு காலத்தில் பந்தய மாட்டை நடத்தியே ஓட்டிப் போனார்கள். அதனால் சுற்று வட்டாரத்து மாடுகள்தான் வரும். பிறகு லாரி வந்தது. 2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்கு “குட்டி யானை” என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. 200 கிலோமீட்டர் என்பது இப்போது ஒரு ராத்திரிப் பயணம்.

அங்கே வேகம், இங்கே நிதானம்

உலகத்தில் பிக்கப் வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது புதிதல்ல. 1978 டிசம்பரில் பாரீசில் தொடங்கிய டக்கார் பந்தயம் இப்போது சவுதி அரேபியாவில் நடக்கிறது. பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். அதில் 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஜெயித்தது டொயோட்டா ஹைலக்ஸ். பெயருக்குப் பிக்கப். உள்ளே பார்த்தால் கூண்டு போல இரும்புக் குழாய்ச் சட்டம், மணல் மேட்டில் விழுந்தாலும் தாங்கும் ஸ்பிரிங், கூடுதல் டயர்!

நம் தமிழ்நாட்டு ரோடும் இதைப் பார்த்ததுதான். 1977-ல் லண்டனிலிருந்து சிட்னிக்குப் போன கார் பந்தயம் பம்பாய் வழியாக சென்னைக்கு வந்து, இங்கிருந்து கப்பலில் பினாங்கு போனது.

அந்த வண்டிகளில் செய்த மாற்றம் எல்லாம் வேகத்துக்காக. புதுக்கோட்டைப் பிக்கப்பில் செய்யும் மாற்றம் பின்னால் நிற்கும் மாட்டுக்காக. டிரைவருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் மாடு விழாமல் வர வேண்டும். விழுந்த மாடு முட்டி பெயர்ந்து எழுந்தால் அன்றைக்குப் பந்தயம் இல்லை. கால் முறிந்தால்? வளர்த்த வீட்டில் எழவு விழுந்த மாதிரி!

தரையில்தான் ஆபத்து

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர் முதலில் கேட்பது கம்பிக் கட்டும் கலர் லைட்டும்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தரை.

பிக்கப்பின் தரை இரும்புத் தகடு. காய்கறி மூட்டைக்கு அது போதும். மாடு ஏறினால் அரை மணி நேரத்தில் சாணி போடும், மூத்திரம் பெய்யும். அப்புறம் அந்தத் தகடு எண்ணெய் பூசின மாதிரி! லாடம் அடித்த கால் அதில் நிற்குமா? ஒரு பிரேக் போட்டால் மாடு அப்படியே முன்னால் போய் மோதும்.

அதற்குத்தான் குறுக்கே மரச் சட்டம் அடித்து, மேலே தென்னை நார்ப் பாய் விரித்து, அதன் மேல் வைக்கோல் போடுகிறார்கள். சிலர் கெட்டியான ரப்பர் பாய் போடுகிறார்கள். மணல் கொட்டுகிறவர்களும் உண்டு. மணல் ஈரத்தைக் குடிக்கும். ஆனால் பாரம் ஏறும்.

இது ஏதோ நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1978-ல் போட்ட விதியிலேயே இருக்கிறது! சாதாரண சரக்கு வண்டியில் மாடு ஏற்றினால் தரையில் நார்ப் பாய் அல்லது மரப்பலகை போட வேண்டும். பக்கச் சுவர் தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். வேறு சரக்கு ஏற்றக் கூடாது. மாடு மிரளாமல் இருக்க அதன் முகம் என்ஜின் பக்கம் பார்த்து இருப்பது நல்லது. இவ்வளவும் அந்த விதியில் உண்டு.

மூக்கணாங்கயிறு ஜாக்கிரதை

பக்கக் கம்பியில் வெல்டிங் பிசிறு ஒன்று இருந்தால் போதும். 200 கிலோமீட்டர் உரசி உரசித் தோல் கிழிந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் வைக்கோல் திணித்த சாக்கையோ, பழைய டயர்ப் பட்டையையோ சுற்றிலும் கட்டிவிடுகிறார்கள். இரண்டு மாட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புக் கம்பு. இல்லாவிட்டால் வளைவில் ஒன்றின் பாரம் இன்னொன்றின் மேல் விழும்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். கழுத்துக் கயிற்றைத்தான் கம்பியில் கட்ட வேண்டும். மூக்கணாங்கயிற்றை இழுத்துக் கட்டினால், திடீர் பிரேக்கில் மூக்கே அறுந்துவிடும். கயிறு ரொம்ப நீளமாக விட்டால் கால் சிக்கும். தலையை ஆட்டி, கொஞ்சம் தாழ்த்த இடம் இருந்தால் சரி.

வெயில், மழைக்குப் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கி மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே புழுக்கத்தில் மாடு இளைத்துப் போகும். மேலே மூடி, பக்கத்தில் காற்று வர விட வேண்டும். சைலன்சர் புகை உள்ளே வருகிறதா என்று வண்டியை நிறுத்தி வைத்து ஒரு தடவை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டை கூட்டினால் பலமா?

பாரம் தாங்க வேண்டும் என்று பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடுவது வழக்கம். செங்கல் ஏற்றுகிறவருக்கு அது லாபம். மாடு ஏற்றுகிறவருக்கு? வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு குழியும் மாட்டின் முட்டியில் இறங்கும்.

மாடு நிற்பது என்பது மூட்டை கிடப்பது போல அல்ல. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் நாலு காலையும் ஊன்றித் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. நாலு மணி நேரம் அப்படி நின்றால் அதுவே ஒரு ஓட்டம். காலையில் கொடி அசையும்போது அந்த மாடு பாதி ஓடி முடித்த மாடு! தோற்றுப்போன பிறகு சாரதியைத் திட்டுகிறவர்கள் ராத்திரி வண்டி ஓட்டியவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இன்னொன்று. நன்றாக வளர்ந்த காங்கேயம் காளை ஒன்று சுமார் 500 கிலோ இருக்கும். இரண்டு என்றால் ஒரு டன். அதுவும் தரையோடு கிடக்கும் பாரம் அல்ல. உயரத்தில் நிற்கிற, அசைகிற பாரம். அதற்கும் மேலே பந்தய வண்டியைக் கட்டினால் வளைவில் வண்டி சாயத்தான் பார்க்கும்.

கணக்குப் போட்டால் இடிக்குது!

2016 ஜனவரி 1 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125-இ. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம், நிரந்தரத் தடுப்போடு இருக்க வேண்டும் என்கிறது அது. நம் கணக்கில் 21½ சதுர அடி. ஜோடிக்கு 43.

குட்டி யானையின் பின் தட்டு சுமார் 7 அடிக்கு 5 அடி. 35 சதுர அடிதான் வருகிறது. ஆகவே அதில் ஒரு மாடுதான் ஏறலாம். ஜோடி ஏறினால் விதி மீறல். முக்கால் டன் பாரத்துக்கென்று வந்த வண்டி வேறு! பெரிய பிக்கப்பில் 9 அடிக்கு 5½ அடி தட்டு இருந்தால் ஜோடி சரியாகப் பொருந்தும்.

அதே விதி, கால்நடை ஏற்ற மாற்றி அமைத்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கேதான் வண்டிக்காரருக்குத் தலைவலி. மாதத் தவணை கட்ட வேண்டும். பந்தயமோ திருவிழாக் காலத்தில்தான். மற்ற நாளில் வாழைத்தார், சிமெண்டு, தேங்காய் ஏற்றாமல் எப்படிப் பிழைப்பது?

இங்கே உயர்த்து, அங்கே தொடாதே

மிருகவதை விதி பக்கத்தை உயர்த்து என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு!

இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற கம்பிச் சட்டத்துக்குப் போகிறார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வதுதான் பத்திரம். அலைச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்சுக்கு அலைவதைவிட அது குறைந்த அலைச்சல்.

ஏழு ராகம் பாடும் ஏர் ஹாரன்? அதற்கு 119-வது விதியிலேயே தடை. மாட்டுக்கும் அது மிரட்சி. அந்தக் காசில் நல்ல ரப்பர் பாய் வாங்கலாம்.

வண்டியில் ஏறும் வாலிபர்கள்

இதுவரை மாட்டைப் பற்றிச் சொன்னோம். மனுஷன் கதை இன்னும் மோசம்.

மாட்டோடு கூடப் போக வேண்டியவர் ஒரு ஆள். ஏறுவது பத்து, பன்னிரண்டு பேர்! கம்பிக் கட்டின் மேல் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டு, துண்டை வீசிக்கொண்டு போகிறார்கள். ராத்திரி பூராவும் முழித்திருந்த டிரைவர், மேலே பாரம், வளைவில் ஒரு லாரி. விபரீதம் நடக்க வேறென்ன வேண்டும்?

சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிற ஆளுக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2002 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் சட்டத்தில் இடம் உண்டு. மீதிப் பேருக்கு ஏதாவது ஆனால் வண்டிக்காரர் தலையில்தான் விடியும். வண்டியை விற்றாலும் தீராது.

தடை வந்ததும் போனதும்

2014 மே 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடி, தமிழ்நாடு சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-ந்தேதி 5 நீதிபதிகள் பெஞ்ச், தமிழ்நாடு, கர்நாடகம், மராட்டியம் மூன்று மாநிலத் திருத்தங்களும் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. திருத்தத்தின் அடிப்படையே மாட்டுக்குக் கொடுமை நடக்காமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான். ரோட்டில் ஓடுவதைக் கண்காணிக்க அதிகாரிகள் வருகிறார்கள். முந்தின ராத்திரி பிக்கப்பில் வந்த நாலு மணி நேரத்தை யார் பார்க்கிறார்கள்?

அனுபவம் உள்ளவர்கள் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டுகிறார்கள். வந்து சேர்ந்ததும் மாட்டை இறக்கி, கொஞ்ச தூரம் நடத்தி, படுக்க விடுகிறார்கள். ஏற்றி இறக்கக் குறுக்குக் கட்டை அடித்த சாய்வுப் பலகையைக் கையோடு கொண்டுவருகிறார்கள். பலகை இல்லாதவர்கள் வாய்க்கால் கரையைத் தேடி வண்டியைப் பின்னால் விடுகிறார்கள்.

ஓடி முடித்த மாடு திரும்ப ஏறும்போதுதான் அந்தப் பலகைக்கு வேலை அதிகம். கால் நடுங்கும். அவசரப்படுத்தாமல் அரை மணி நேரம் நிழலில் கட்டிவிட்டு ஏற்ற வேண்டும். ஜெயித்த கேடயத்தை மாட்டோடு பின்னால் போட்டுவிடாதீர்கள். வேறு சரக்கு கூடாது என்பது விதி! கேபினில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.