வல்கன் (கருதுகோள் கோள்)

வல்கன் என்பது சூரியனுக்கும் புதனுக்கும் இடையே சுற்றி வருவதாக 19-ஆம் நூற்றாண்டில் கருதப்பட்ட ஒரு கோள் ஆகும். அப்படி ஒரு கோள் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. உரோமானியரின் நெருப்புக் கடவுளின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

பின்னணி

யுரேனசு கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து சற்று விலகிச் சென்றது. அதுவரை காணப்படாத வேறொரு கோளின் ஈர்ப்பே இதற்குக் காரணம் எனக் கொண்ட பிரெஞ்சு வானியலாளர் உர்பேன் லெ வெரியே, அக்கோள் இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் யோகான் காலே அங்கே தேடியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் தென்பட்டது.

புதனின் பாதையில் புதிர்

புதனின் பாதை நீள்வட்டமானது. அதில் சூரியனுக்கு மிக அருகில் அமையும் இடம் சூரிய அண்மைப் புள்ளி எனப்படும். இப்புள்ளி ஒரே இடத்தில் நில்லாமல் மெல்ல நகர்கிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பே இதற்குப் பெரும்பாலும் காரணம். அவை அனைத்தையும் கணக்கில் சேர்த்த பின்னும், நூற்றாண்டுக்கு 38 வில்விநாடி நகர்வு மிஞ்சுவதாக லெ வெரியே 1859-இல் அறிவித்தார். 1882-இல் சைமன் நியூகோம்பு இதனை 43 எனத் திருத்தினார். ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு. இந்த வேகத்தில் ஒரு பாகை நகர ஏறத்தாழ 8,400 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு சிறிய வேறுபாட்டையும் வானியலாளர்கள் புறக்கணிக்கவில்லை.

யுரேனசுக்குக் கூறிய விளக்கத்தையே லெ வெரியே இங்கும் கூறினார். புதனுக்கு உள்ளே ஒரு கோளோ சிறு பொருள்களின் கூட்டமோ இருக்கவேண்டும் என்றார்.

தேடல்

சூரியனுக்கு அருகிலுள்ள கோளை அதன் ஒளிவெள்ளத்தில் காண்பது அரிது. சூரிய வட்டத்தைக் கடக்கும்போது கரும்புள்ளியாகவோ, முழுச் சூரிய கிரகணத்தின்போதோ மட்டுமே காண வாய்ப்புண்டு.

1859 மார்ச் 26 அன்று அத்தகைய கரும்புள்ளி ஒன்றைக் கண்டதாக எட்மோன் லெஸ்கார்போ என்னும் பிரெஞ்சு மருத்துவர் தெரிவித்தார். லெ வெரியே நேரில் சென்று விசாரித்து, அதை ஏற்றுக்கொண்டார். அக்கோள் 20 நாள்களுக்குள் சூரியனை ஒருமுறை சுற்றும் என்றும் கணக்கிட்டார். ஆனால் எதிர்பார்த்த நாள்களில் அது தென்படவில்லை. 1877-இல் லெ வெரியே காலமானார். 1878 சூலை 29 கிரகணத்தின்போது அமெரிக்காவில் ஜேம்ஸ் கிரெய்க் வாட்சனும் லூயிஸ் சுவிஃப்டும் வல்கனைக் கண்டதாகக் கூறினர். பிற்காலக் கிரகணங்களில் எடுத்த ஒளிப்படங்கள் இதனை உறுதிப்படுத்தவில்லை.

தீர்வு

1915 நவம்பரில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தமது பொதுச் சார்புக் கோட்பாட்டைக் கொண்டு புதனின் நகர்வைக் கணக்கிட்டார். சூரியனின் நிறை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது என்பது அக்கோட்பாடு. எந்தப் புதிய கோளையும் சேர்க்காமலேயே 43 வில்விநாடி என்ற விடை கிடைத்தது. வல்கனுக்கான தேவை அத்துடன் நீங்கியது.

முக்கியத்துவம்

யுரேனசிலும் புதனிலும் தோன்றிய சிக்கல் பார்வைக்கு ஒன்றே. முன்னதில் நியூட்டனின் ஈர்ப்பு விதி போதுமானதாக இருந்தது. அறியப்படாத கோள் ஒன்றே விடுபட்டிருந்தது. பின்னதில் கோள் எதுவும் விடுபடவில்லை. விதியே போதாமல் இருந்தது. ஒருமுறை வெற்றி தந்த விளக்கம் மறுமுறையும் பொருந்தும் என்று கொள்ள இயலாது என்பதற்கு வல்கன் ஓர் எடுத்துக்காட்டு.

புதனின் பாதைக்கு உள்ளே சிறுகோள்கள் இருக்கக்கூடும் என்ற கருத்து இன்றும் உண்டு. அவை வல்கனாய்டுகள் எனப்படுகின்றன. இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை.