என்டிஎம்-1 நொதியும் அதன் தடுப்பான்களும்

என்டிஎம்-1 (புது தில்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேசு-1) என்பது சில பாக்டீரியாக்கள் உருவாக்கும் நொதி. துத்தநாகம் இல்லாமல் இது இயங்காது. பெனிசிலின் முதல், கடும் தொற்றுகளுக்குக் கடைசி வரிசை மருந்தாகத் தரப்படும் மெரோபெனம் வரை, பெரும்பாலான பீட்டா-லாக்டம் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை இது சிதைத்துவிடுகிறது. இந்நொதியின் துத்தநாகத்தைப் பறித்தோ, கட்டிப்போட்டோ அதைச் செயலிழக்கச் செய்யும் சேர்மங்கள் தடுப்பான்கள் எனப்படும்.

கண்டறியப்பட்ட வரலாறு

2008-ஆம் ஆண்டில், புது தில்லி சென்று திரும்பிய சுவீடன் நாட்டு நோயாளி ஒருவரின் உடலிலிருந்து பிரித்தெடுத்த கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியத்தில் இந்நொதி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா, பாக்கித்தானின் பிற இடங்களில் 73 பாக்டீரிய மாதிரிகளில் இந்நொதி இருந்தது தெரியவந்தது. நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியதற்கு இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. எனினும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இதற்கான மரபணு பெரும்பாலும் பிளாசுமிடு என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்துள்ளது. ஒரு பாக்டீரியம் மற்றொன்றுக்கு இவ்வளையத்தைக் கைமாற்ற முடியும் என்பதால் எதிர்ப்புத்திறன் விரைவாகப் பரவுகிறது.

நொதி செயல்படும் விதம்

பீட்டா-லாக்டம் மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டமைப்பைத் தடுக்கின்றன. அவற்றின் ஆற்றல் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு வளையத்தில் உள்ளது. என்டிஎம்-1 நொதியின் கிளர்வு மையத்தில் இரண்டு துத்தநாக அயனிகள் உள்ளன. ஹிஸ்டிடின், சிஸ்டீன், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய அமினோ அமிலங்கள் அவற்றைப் பிடித்து வைத்துள்ளன. இரு அயனிகளுக்கும் நடுவே உள்ள ஹைட்ராக்சைடு மருந்தின் வளையத்தைத் தாக்கி உடைக்கிறது. வளையம் உடைந்த மருந்து பயனற்றது.

தடுப்பான்கள் செயல்படும் முறைகள்

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். பூட்டைத் திறக்கவிடாமல் செய்ய, உள்ளிருக்கும் நெம்புகோலைக் கழற்றலாம், சாவித்துளையை அடைக்கலாம், அல்லது நெம்புகோலுக்குப் பதில் பொருந்தாத வேறொன்றை வைக்கலாம்.

1. உலோகத்தை அகற்றுதல்: ஈடிடிஏ துத்தநாகத்தை நண்டுக்கொடுக்குபோலக் கவ்வி வெளியே எடுக்கிறது. இவ்வகை நொதியைக் கண்டறியும் ஆய்வகச் சோதனைகளில் இது பயன்படுகிறது. உடலுக்குத் தேவையான கால்சியம் போன்றவற்றையும் கவர்வதால் இதற்கான மருந்தாகக் கொடுக்க இயலாது. ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட ஆஸ்பெர்ஜில்லோமாராசுமின்-ஏ இதே முறையில் செயல்பட்டு, எலிகளில் மெரோபெனத்தின் ஆற்றலை மீட்டதாகக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் அறிவித்தனர்.

2. உலோகத்தைக் கட்டிப்போடுதல்: இரத்த அழுத்த மருந்தான காப்டோபிரிலின் கந்தக அணு இரு துத்தநாக அயனிகளுக்கும் நடுவே சென்று அமர்கிறது. போரான் கொண்ட டானிபோர்பாக்டம், வளையம் உடையும்போது தோன்றும் இடைநிலை வடிவத்தைப் போலிசெய்து கிளர்வு மையத்தை அடைத்துக்கொள்கிறது. இங்கு துத்தநாகம் வெளியேறுவதில்லை.

3. உலோகத்தை மாற்றுதல்: வயிற்றுப்புண் மருந்துகளில் உள்ள பிசுமத், சிஸ்டீனுடன் பிணைந்து துத்தநாக அயனிகளை வெளியேற்றுகிறது. இதனை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டனர்.

சிக்கல்களும் இன்றைய நிலையும்

கிளாவுலானிக் அமிலம் போன்ற பழைய தடுப்பான்கள் செரைன் வகை நொதிகளுக்கு உரியவை. செரைனைப் பயன்படுத்தாத என்டிஎம்-1 அவற்றுக்குக் கட்டுப்படாது. மேலும், மனித உடலிலும் துத்தநாகம் சார்ந்த நொதிகள் பல உள்ளன. அவற்றைத் தொடாமல் பாக்டீரியாவின் நொதியை மட்டும் தாக்கும் தடுப்பானை உருவாக்குவதே பெரும் சவால். டானிபோர்பாக்டம் இறுதிக்கட்ட மருத்துவ ஆய்வு வரை சென்றுள்ளது.

மற்றொரு வழி, இந்நொதியால் உடைக்க முடியாத அஸ்ட்ரியோனத்தைப் பயன்படுத்துவது. அதைச் சிதைக்கும் பிற நொதிகளை அவிபாக்டம் தடுக்கிறது. இக்கூட்டு மருந்துக்கு ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025-இலும் ஒப்புதல் கிடைத்தது.

புதிய தடுப்பான்கள் வந்தாலும், நுண்ணுயிர் எதிர்ப்பிகளை அளவின்றிப் பயன்படுத்தினால் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களே பெருகும். இதனால்தான் மெரோபெனம் உள்ளிட்ட மருந்துகளை இந்திய அரசு 2014 முதல் 'எச்1' அட்டவணையில் வைத்துள்ளது. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது. விற்பனை விவரத்தை மருந்துக்கடையினர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.